ஆறு பி வீட்டில் தண்ணீர் ஓடுகிறது

துண்டை எடுக்கத் திரும்பினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் கூரைதான். பாத்ரூம் கூரையை இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, மூலையில் ஒட்டடை தொங்குகிறது, பவுனு போன வாரம்தான் அடித்தேன் என்று சத்தியம் செய்தாள், வரட்டும் கேட்கிறேன், வரட்டும் என்றால் எப்போது வருவாள், தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து என்று நேற்றுத்தான் திண்டிவனம் போனாள், நாளை மறுநாள்தான் வேலைக்கு வருவாள், அதுவரைக்கும் இந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதானா, இல்லை, முதலில் எழுந்திருக்க வேண்டும், மங்கையர்க்கரசி, எழுந்திரு, என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டு இடது கையை ஊன்றினேன். ஊன்றினதுதான் தெரியும். இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பி பல் வரைக்கும் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அது இறங்கும் வரைக்கும் காத்திருந்தேன், பாதிதான் இறங்கியது. இது சுளுக்கு இல்லை. சுளுக்கு என்றால் எனக்குத் தெரியும். இடது கால் என் பேச்சைக் கேட்கவில்லை, வேறு யாருடைய காலோ பக்கத்தில் கிடக்கிற மாதிரி கிடக்கிறது, வலது கால் மட்டும் நல்ல பிள்ளையாக விரல்களை ஆட்டிக் காட்டுகிறது. தலை கதவுப் பக்கம், கால் குழாய்ப் பக்கம். கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது, அவர் போய் ஒன்பது வருஷமாகிறது, பையன் புனேயில், இருந்தும் தினமும் குளிக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடுகிறேன், யாரிடமிருந்து எதை ஒளித்தேனோ, அந்தத் தாழ்ப்பாள் இப்போது ஆகாயத்தில் இருக்கிறது. நல்லவேளையாகப் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக் குளிக்கிற பழக்கம், அதையாவது விடாமல் வைத்திருந்தேனே. கொடியில் தொங்கின துண்டின் நுனி கைக்கு எட்டியது, இழுத்து மேலே போர்த்திக்கொண்டேன். முதல் வேலை முடிந்தது.

கத்திப் பார்த்தேன். யாராவது இருக்கீங்களா என்று கத்தினேன், யாராவது என்றால் யார், ஆறு ஏ-காரர்கள் மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போய்விட்டார்கள், மேலே மொட்டை மாடி, கீழே ஐந்து பி-யில் இரண்டு பேரும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், அதுவும் போகட்டும், பக்கத்து மனையில் போர் போடுகிறார்கள், நேற்றிலிருந்து அந்த மெஷின் இந்தத் தெருவையே குடைந்துகொண்டிருக்கிறது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் குரலை வைத்துத்தான் சம்பாதித்தேன், வெளியூர் லைன் போட்டுத் தருகிற ட்ரங்க் போர்டில் நான் 'ஹலோ' என்றால் அந்தப் பக்கம் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்று சூப்பர்வைசர் சொல்வார், அப்பேர்ப்பட்ட குரல், ஒரு போர் மெஷின் தின்றுவிட்டது. சரி, பொறுமையாக இருப்போம், யாராவது வருவார்கள் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன், இன்னொரு பக்கம் அந்தப் பயம் எட்டிப் பார்க்கிறது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று. குளிக்க வருவதற்கு முன்னால் போட்டேன். போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், நானும் இட்லியை ஹாட்பேக்கில் எடுத்து வைத்துவிட்டு, தக்காளிச் சட்னியை மூடி வைத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர்தானே, ஊற்றிக்கொண்டு வந்து சாப்பிடலாம் என்று வந்தேன், குளிக்காமல் சாப்பிட்டால் எனக்கு இறங்காது. போன வருஷம் ஒருதரம் பேங்க் வரிசையில் நிற்கும்போது சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கையெழுத்து எனக்கே மறந்துபோய், பக்கத்தில் நின்ற பெண் ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். இங்கே வரிசையும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. நாளைக் காலையில் பால்காரர் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவார், ஆனால் நாளைக் காலை வரைக்கும் இந்த மாத்திரை காத்திருக்காது. இடுப்பு காத்திருக்கும், மாத்திரை காத்திருக்காது.

டிங். ஹாலில் சாப்பாட்டு மேஜை மேல் என் போன், போர் சத்தத்தில் கேட்காது என்று நேற்றுத்தான் மணியை முழுசாக ஏற்றி வைத்தேன். அதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், பையன் எத்தனை தடவை சொன்னான், அம்மா போனைக் கையிலேயே வெச்சுக்கோ என்று, பாத்ரூமுக்குப் போனை எடுத்துப் போகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை என்று சொன்னேன். இது குமரகுருதான். வேறு யார் இந்த நேரத்துக்கு. எங்கள் குடியிருப்பின் செகரட்டரி, ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, ஐம்பது வயசு இருக்கும், தினம் காலையில் குரூப்பில் போடுவார், காலை வணக்கம், கீழ்த்தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர், குளோரின் சரியாக உள்ளது, குடிக்கலாம், என்று. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி. இந்த மனுஷனோடு நான் போடாத சண்டை இல்லை. எங்கள் வட்டத்தில் எல்லாக் குடியிருப்புக்கும் மாநகராட்சி, போனுக்குச் செய்தி அனுப்புகிற தண்ணீர் மீட்டர் தருகிறது, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் மாட்டலாம் என்று இவர் கூட்டம் போட்டபோது எழுந்து நின்றவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக் குழாய் எப்ப தொறக்குது எப்ப மூடுதுன்னு உங்களுக்கு எதுக்கு சார், என்றேன். வீணாப் போறதத் தடுக்கத்தான் மேடம், கால் மணி நேரம் விடாம ஓடிச்சுன்னா உங்களுக்கும் எனக்கும் மெசேஜ் வரும், யாரும் கவனிக்கலைன்னா நான் போன்லயே வால்வை மூடிடலாம், என்றார். அப்ப ராத்திரி நான் எத்தனை தடவ எழுந்து போறேங்கறதும் உங்களுக்குத் தெரியும், என்றேன். அதெல்லாம் நான் பாக்க மாட்டேன் மேடம், ஆனா ஒரு நாள் பூரா ஒருத்தர் வீட்டுல குழாயே தொறக்கலைன்னா அதுவும் சொல்லும், தனியா இருக்கறவங்களுக்கு நல்லதுதானே, என்றார். நான் செத்தா மொதல்ல மீட்டருக்குத்தான் தெரியணுமா, என்றேன். கூட்டமே சிரித்தது. அவருக்குக் காது சிவந்துபோயிற்று, இருந்தும் மாட்டிவிட்டார். அதற்கப்புறம் போன மழைக்காலத்தில், தெருவில் எவனோ பள்ளம் தோண்டின இடத்திலிருந்து சாக்கடை எங்கள் கீழ்த்தொட்டிக்குள் கசிந்தபோது, தொட்டிக்குள் அவர் புதிதாகத் தொங்கவிட்டிருந்த கருவி விடிவதற்குள் அவரை எழுப்பிவிட்டது, யாரும் ஒரு வாய் குடிப்பதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி கசிந்தது ஒருத்தருக்கும் தெரியாமல் மூன்றாம் மாடிப் பிள்ளைகள் இரண்டும் மஞ்சள் காமாலையில் கிடந்தன, அந்தச் சின்னதின் கண் மஞ்சளாக இருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது தெருவில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கருவி, எந்தத் தெருவில் தண்ணீர் கெட்டது என்று சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுகிறார்கள், ஆஸ்பத்திரி வாசலில் வயிற்றுப்போக்குக் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நர்ஸே சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், குமரகுருவிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் நாலு கருவி மாட்டுவார். டிங். மறுபடியும் ஏதோ போடுகிறார். ஒரு நாள் பூராவும் குழாய் திறக்காவிட்டால் மீட்டர் சொல்லும், ஆனால் இன்றைக்குத்தான் திறந்துவிட்டேனே, ஒரு வாளி பிடித்துக் குளித்துவிட்டேனே, அந்தக் கணக்கு நாளைக்குத்தான் வரும், நாளைக்கு. கால் மணி நேரம் விடாமல் ஓடினால். ஓடினால் உடனே வரும். ஓடினால்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, இருந்தாலும் வந்தது. குழாய் என் வலது காலுக்கு நேரே இருக்கிறது. வாளி வைத்துப் பிடிக்கிற தாழ்ந்த குழாய், மணிக்கட்டு வலிக்கிறது என்று போன மாசம்தான் திருகுகிற குழாயை எடுத்துவிட்டு நீளக் கைப்பிடி வைத்ததாக மாற்றினேன், லேசாகத் தட்டினால் போதும், திறந்துகொள்ளும். வலது காலை மெதுவாக நீட்டினேன், கட்டைவிரல் எட்டவில்லை, இன்னும் கொஞ்சம், இடுப்பு வேண்டாம் வேண்டாம் என்றது, நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நீட்டினேன், பட்டது, தள்ளினேன், வந்தது பார் தண்ணீர், வாளிக்குள் தடதடவென்று விழுகிற சத்தம், போர் மெஷினையும் மீறி எனக்குக் கேட்டது. குமரகுரு சார், பாருங்க, ஆறு பி-யில் தண்ணீர் ஓடுகிறது. அந்தச் சத்தம் முதலில் கனமாக இருந்தது, பிறகு வாளி நிறைய நிறைய மெலிந்துகொண்டே வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், நிறைந்துவிட்டது, விளிம்பில் ஒரு தளும்பல், தரையில் முதல் சொட்டு விழுந்தது, விழுந்ததுதான் தாமதம், குழாயை மூடிவிட்டேன். நான் மூடவில்லை. என் கால் மூடியது. கட்டைவிரல் போய்க் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து படுத்துக்கொண்டது. வாளி நிறைந்தால் மூட வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும், எழுந்திருக்க முடியாமல் கிடப்பவள் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறாள் என்பதெல்லாம் அதற்கு யார் சொன்னார்கள். ஒரு வாளி நிறைகிற நேரம் என்ன, நாலைந்து நிமிஷம் இருக்குமா, மீட்டர் அதைக் குளியல் என்று எழுதிக்கொண்டு மறந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, என் கால் மேல்தான். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணாவது தன் உயிரைக் காப்பாற்றத் திறந்த குழாயை வாளி நிறைந்ததும் மூடுவாளா. சென்னையில் பிறந்து வளர்ந்தவள்தான் மூடுவாள்.

எப்படித் திறந்துவிட முடியும் என்னால். வில்லிவாக்கத்தில் அப்பா வீட்டில் இருட்டோடு எழுந்து கைப்பம்பை அடித்தவள் நான், நூறு அடி அடித்தால் ஒரு குடம், கல்யாணமாகி வந்த பிறகு லாரித் தண்ணீர், லாரி ஹாரன் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம், பச்சைக் குடம் என்னுடையது, அதை வரிசையிலிருந்து நகர்த்தினவளின் முடியைப் பிடித்திருக்கிறேன், அவளும் என் முடியைப் பிடித்தாள், அடுத்த வாரம் அவளேதான் எனக்கு வரிசை பிடித்து வைத்தாள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, துணி அலசின தண்ணீர் கக்கூசுக்கு, அந்த வறண்ட கோடையில் அரை வாளியில் குளித்துவிட்டு மீதி அரை வாளியை அவருக்கு வைத்தேன், அவர் அதிலும் ஒரு சொம்பு மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து காட்டுவார், பெருமையாக. சினிமாவில் கதாநாயகி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதால் எனக்கு அவள் கஷ்டம் மனசில் ஏறாது, முதல்ல குழாய மூடுடி, அப்புறம் அழு, என்று தியேட்டரிலேயே சொல்லியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் கை கழுவுமிடத்தில் சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டுத்தான் இலையில் உட்காருவேன். இந்தக் குடியிருப்பில் மாசாமாசம் குமரகுரு, குறைவாகத் தண்ணீர் செலவழித்த வீடு ஆறு பி என்று குரூப்பில் போடுவார், எதற்கு இந்த விளம்பரம் என்று நான் முகத்தைச் சுளித்துக்கொள்வேன், அடுத்த மாசம் போடுவதற்கு ஒரு நாள் தாமதமானால் தவித்துப்போவேன். அப்பேர்ப்பட்ட காலுக்கு இப்போது நான் சொல்கிறேன், இதோ பார், இன்றைக்கு ஒரு நாள், வாளி நிறையும், வழியும், தரையில் ஓடிச் சாக்கடை ஜாலியில் போய் இறங்கும், நல்ல தண்ணீர், குடிக்கிற தண்ணீர், பார்த்துக்கொண்டு சும்மா கிட. மறுபடியும் காலை நீட்டினேன், இந்த முறை வலி எங்கே வரும் என்று தெரிந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொள்ள முடிந்தது, தட்டினேன், திறந்தது, உடனே வழிய ஆரம்பித்துவிட்டது, வாளிதான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறதே. காலை மடக்கி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன், எட்டாத தூரத்தில். தண்ணீர் போகிறது. போகட்டும். பச்சைக் குடம் ஒன்று போயிற்று, போகட்டும், இன்னொன்று போகிறது, கால் விரல் துடிக்கிறது, கிட சும்மா, என்கிறேன், ஐயோ இவ்வளவு தண்ணீரா, ஒரு வீடே குளிக்கலாம், போகட்டும் மங்கை, நீ இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள், உன் தண்ணீரை நீ செலவு செய்கிறாய், கேட்பதற்கு ஒருத்தன் வரட்டும், அதுதானே வேண்டும், கேட்பதற்கு ஒருத்தன் வரட்டும்.

டிங். இது குரூப் சத்தமில்லை, வேறு சத்தம், மீட்டர் எனக்குச் சொல்கிறது, உங்கள் வீட்டில் தண்ணீர் தொடர்ந்து ஓடுகிறது என்று. தெரியும் அப்பா, நான்தான் திறந்தேன், நீ அவரிடம் சொல். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங். இப்போது அவருக்கும் போயிருக்கும். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா, ட்ரங்க் போர்டில் மழை நாளில் லைன் கிடைக்காமல் கிடைக்காமல், மதுரையைப் பிடித்து, மதுரை வழியாகத் தூத்துக்குடியைப் பிடித்து, அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்கும்போது வருகிற சந்தோஷம், நான் பேசப் போவதில்லை, யாரோ யாரோடோ பேசப் போகிறார்கள், இருந்தாலும் அடித்துவிட்டது என்று தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு குளிர்ச்சி வருமே, அதுதான் இது. இந்தப் பாத்ரூம் தரையில் மல்லாந்து கிடந்துகொண்டு, கட்டைவிரலால் ஒரு ட்ரங்க் கால் போட்டிருக்கிறேன். அடிக்கிறது. எடுங்கள் குமரகுரு. சண்டை போடுவதற்காகவாவது வாருங்கள், படியேறி வந்து, மேடம் நீங்களே இப்படிப் பண்ணலாமா என்று கேளுங்கள், நான் ஒன்றும் பதில் பேச மாட்டேன், சத்தியமாக. அப்போது குழாய் ஒருமுறை இருமியது. தண்ணீர் கயிறு மாதிரி மெலிந்தது, நூலாயிற்று, சொட்டாயிற்று, நின்றுவிட்டது. வால்வை மூடிவிட்டார். எங்கிருந்தோ, ஒரு விரலால், வீணாகப் போன தண்ணீரை நிறுத்திவிட்டார், கடமை முடிந்தது, இனி அவர் வர மாட்டார், எதற்கு வர வேண்டும். நான் போட்ட லைனை அந்தப் பக்கம் எடுத்து, யார் என்று கேட்காமலே வைத்துவிட்டார். நெற்றியில் வியர்க்கிறது, குளித்து ஈரம் காயாத உடம்பில் எப்படி வியர்க்கும், அதுதான் வந்துவிட்டது, விரல் நுனி நடுங்குகிறது, ஒட்டடை இரண்டு ஒட்டடையாகத் தெரிகிறது, பையன் பேர் என்ன, இளமாறன், சரி, வீட்டு நம்பர் என்ன, ஆறு பி, பச்சைக் குடம் யாருடையது, என்னுடையது, கேள்வி கேட்டுக்கொண்டே இரு, தூங்காதே. பயமாக இருக்கிறது. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ட்ரங்க் காலில் சில பேர் லைன் கிடைத்ததும் பேச மாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும், அந்த மூச்சை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், இது சாவுச் செய்தி, இது பிள்ளை பிறந்த செய்தி என்று. பேசுங்க, நான் வைக்க மாட்டேன், லைன்ல இருங்க, என்பேன். அப்படி மூச்சைக் கேட்கத் தெரிந்த ஒரு ஆள் போதும் இப்போது, ஒரே ஒரு ஆள்.

போர் மெஷின் நின்றது, டீ நேரம் போல. அந்த அமைதியில் காலிங் பெல் இரண்டுதரம் அடித்தது, பிறகு வாசல் கதவு திறக்கிற சத்தம், பால் எடுத்துவிட்டுக் கதவை வெறுமனே சாத்தி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பிறகு செருப்பில்லாத காலடி, ஒன்றல்ல, இரண்டு பேர்.

"மேடம். மங்கை மேடம். உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் கையால் கதவைத் தட்டினேன். "இருக்கேன் சார். விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. சர்க்கரை மாத்திரை போட்டுட்டேன், சாப்பிடல."

"பயப்படாதீங்க. மேகலாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன்." மேகலா அவர் மனைவி, அவரைப் போல இரண்டு மடங்கு புத்தி. தனியாக இருக்கிற பொம்பளை, பாத்ரூமில் இருந்தாலும் இருக்கலாம் என்று யோசித்து அவளையும் அழைத்து வந்திருக்கிறார், அந்த ஒன்றுக்கே அவரை மன்னித்துவிடலாம். அவர் போனில் நூற்றெட்டுக்குப் பேசுவது கேட்டது, எங்கள் தெருப் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னார், பிறகு யாரோ கார்பென்டரை உளி கொண்டுவரச் சொன்னார். அதற்குள் மேகலா அடுக்களைக்குப் போய் வந்துவிட்டாள், தேதிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் சர்க்கரையை மடித்து, கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாகத் தள்ளினாள்.

"அக்கா, விரலால தொட்டுத் தொட்டு நாக்குல வெச்சுக்கங்க. எல்லாத்தையும் சாப்பிட்டுடணும்."

தாளைப் பிரித்தேன். நேற்றைய தேதி, ராகு காலம் எல்லாம் போட்டிருந்தது. விரலை ஈரத் தரையில் தொட்டு, சர்க்கரையில் தொட்டு, நாக்கில் வைத்தேன். டாக்டர் பன்னிரண்டு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற சர்க்கரை, வெறும் வெள்ளைச் சர்க்கரை, இவ்வளவு ருசியாக ஒரு பொருளை நான் சாப்பிட்டதே இல்லை. துளித் துளியாக உள்ளே போய் ஒவ்வொரு விளக்காகப் போடுகிற மாதிரி இருந்தது.

"கார்பென்டர் வாசல் கேட்டுக்கிட்ட வந்துட்டாராம். நான் கீழ போய்க் கூட்டிட்டு வர்றேன் மேடம்."

"போகாதீங்க," என்றேன். "லைன்ல இருங்க."

 கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது, முழங்கால் சொடக்கு விட்டது. நான் இன்னொரு விரல் சர்க்கரை எடுத்துக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இறங்காது.

"வால்வை மூடிட்டீங்களே சார். அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"மூடிட்டுக் கிளம்பிட்டேன் மேடம், பொய் சொல்ல மாட்டேன். யாரோ குழாயத் தொறந்து விட்டுட்டுக் கிளம்பிட்டாங்கன்னு திட்டிக்கிட்டே கீழ போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்பதான் வீட்டு நம்பரச் சரியாப் பார்த்தேன். ஆறு பி. ஆறு பி-யில தண்ணி வழியுதா? நாலு வருஷமா உங்க வீட்டுக் கணக்கப் பார்க்கறேன் மேடம், ஒரு சொம்பு கூட வீணாப் போனதில்ல. ஒண்ணு மீட்டர் கெட்டுப் போயிருக்கணும், இல்ல உங்களுக்கு ஏதோ ஆயிருக்கணும். மீட்டர் போன வாரம்தான் செக் பண்ணினோம். வண்டிய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

  பச்சைக் குடம், அரை வாளி, செடிக்கு ஊற்றின அரிசித் தண்ணீர், ஒவ்வொன்றும் போய் அந்த மீட்டரில் உட்கார்ந்துகொண்டு, இவள் அப்படிப்பட்டவள் இல்லை, போய்ப் பார், என்று சொல்லியிருக்கிறது. நான் மிச்சம் பிடித்த தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. அழுகை வந்தது, அழுதேன், கூடவே சிரித்தேன், ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது, யாரை என்று கேட்டால் தெரியாது, ஒட்டடையை, மாத்திரையை, போர் மெஷினை, எல்லாவற்றையும்தான்.

"அடுப்படியில தண்ணி வரலைங்க," என்று மேகலா அங்கிருந்து சொன்னாள். "அக்காவுக்கு ஆம்புலன்ஸ்ல குடிக்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சர்க்கரை கரைக்கணும். அந்த வால்வத் தொறந்து விடுங்க."

அவர் போனைத் தடவியிருக்க வேண்டும். என் குழாய் இருமியது, இரண்டுதரம் துப்பியது, பிறகு முழு வேகத்தில் வந்து வாளியில் விழுந்து வழிய ஆரம்பித்தது. நான் திறந்து விட்டது திறந்தபடியேதான் இருந்திருக்கிறது. தண்ணீர் ஜாலிப் பக்கம் ஓடுகிறது, ஒரு குடம், இன்னொரு குடம். தலைமாட்டில், தானே மேலே ஏறி வந்துவிட்ட கார்பென்டர் உளியை வைத்து முதல் அடி அடித்தார். நான் வலது காலை நீட்டினேன், இடுப்பு திட்டியது, கட்டைவிரல் கைப்பிடியைக் கண்டுபிடித்துத் தட்டியது, நின்றது.

"மேடம், தண்ணி நின்னுடுச்சுன்னு காட்டுது. நீங்களா மூடினீங்க?"

"நான்தான். கால் விரலால."

"அந்தக் காலை எதுக்கு மேடம் ஆட்டறீங்க, ஓடிட்டுப் போகட்டுமே."

"பேசி முடிச்சா வைக்க வேண்டாமா சார்," என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சரி மேடம் என்றார். கதவு உடைகிற வரைக்கும் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.